இனிப்புக்குப் பின்னால் வந்த பாலாடைக்கட்டி

பாரிஸில் சினிமா டைரக்டராக வீற்றிருக்கும் அண்ணன் மகள் சிரஞ்சீவி சொலேனுக்கு, மொங்ருவலிலிருந்து உன் சித்தப்பன் தெயோஃபில் சகல மரியாதைகளுடனும் இடுப்பு வலியுடனும் எழுதுவது. இதில் சொல்லப்போவதை ஒருவரும் நம்பப்போவதில்லை என்று நம் தேவாலய மணியின் மேல் ஆணையாக உறுதி கூறுகிறேன்.

அப்பா இன்னும் கோபமா, வீட்டுக்கு வரலாமா என்று கடிதத்துக்குக் கடிதம் கேட்கிறாயே, கேள். நம் ஊரைக் கேலி செய்து நீ எடுத்து, வந்து பார்க்கப் பயந்து பாரிஸிலேயே பதுங்கிக்கொண்ட அந்தப் படத்தைச் சனிக்கிழமை ஊர் மண்டபத்தில் போட்டார்கள். நாலாயிரம் பேர் கூட்டம். ஊர் ஜனத்தொகையே முந்நூற்றுப் பன்னிரண்டுதானே என்று கேட்காதே; மீதிப் பேர் கல்லறைத் தோட்டத்திலிருந்து எழுந்து வந்திருந்தார்கள். ஒரே ரவுண்டானாவை மூன்று முறை திறந்து வைக்கும் அசட்டு மேயர் திரையில் வந்ததும் அத்தனை தலையும் உன் அப்பா பக்கம் திரும்பியது. நம் மேயரான என் அண்ணன், நிஜத்தில் அதை இரண்டே முறைதான் திறந்தவர் என்பதால், மார்பில் மேயருக்குரிய மூவண்ணப் பட்டையோடு நிமிர்ந்து உட்கார்ந்து, "பக்கத்து ஊர் மேயரை அப்படியே உரிச்சு வெச்சிருக்கா" என்று விழுந்து விழுந்து சிரித்தார். தராசைக் கட்டைவிரலால் அழுத்தும் கறிக்கடைக்காரனைப் பார்த்து நம் கறிக்கடை ஃபிர்மேன் யாரையோ நினைத்துக் கண்ணீர் வரச் சிரித்தான். ஊர்வம்பு பேசும் பெண்ணைப் பார்த்த ரொட்டிக்கடை மதாம் கூர்வோ, இப்படியும் ஒருத்தி இருப்பாளா என்று அதிசயித்துவிட்டு, ஃபிர்மேனின் மச்சினி விவகாரத்தை என் காதில் ஓத ஆரம்பித்தார்.

அப்புறம் வந்தது விருந்துக் காட்சி. என்ன காரியம் செய்தாய் பெண்ணே? ஆப்பிள் இனிப்பைத் தின்று முடித்த மேசைக்குப் பாலாடைக்கட்டித் தட்டைக் கொண்டுவர வைத்தாயே. திருடர்கள் என்றாய், பொறுத்தார்கள். மூடர்கள் என்றாய், கைதட்டினார்கள். ஆனால் இனிப்புக்குப் பின்னால் பாலாடைக்கட்டியா? நாற்காலிகள் பறந்தன, பாதிரியார் ஜன்னல் வழியே குதித்தார், இரண்டு கல்யாணங்கள் முறிந்தன, பாதி வழியில் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டதால் ராணுவம் மட்டும் வந்து சேரவில்லை. இரண்டு வருஷமாக உன் பெயரையே சொல்லாத உன் அப்பா நாற்காலி மேல் ஏறி நின்று முழங்கினார்.

"சீஸுக்கு அப்புறம்தான் இனிப்புன்னு சொலேனுக்கு மூணு வயசுலயே தெரியும். பாரிஸ் கெடுத்துடுச்சு. டேய் தெயோ, ஞாயித்துக்கிழமை மத்தியானம் அவளை வரச் சொல்லு. எது முன்னால வரும்னு மேசையில வெச்சுக் காட்டறேன்."

"இதுக்காகத்தான் கூப்பிடறியாண்ணே?"

"பின்னே வேற எதுக்கு?"

என் உன்னதமான மதிப்பையும் ஓயாத மூட்டுவலியையும் ஏற்றருளி, நீ நூறு படம் எடுத்து நூறு ஊரின் சாபத்தையும் பெற்று வாழ்க.

உன் சித்தப்பன்,
தெயோஃபில்

பி.கு.: நாலாயிரம் பேரும் பொய், ராணுவமும் பொய். மண்டபத்தில் இருந்தது பதினொரு பேர். அதில் மூன்று பேர் தூங்கினார்கள். அந்தத் தட்டைக் கவனித்தவர் உன் அப்பா ஒருவர்தான். அவரும் முழங்கவில்லை; வீடு திரும்பும் வழியில், ரவுண்டானாவைச் சுற்றும்போது, என் முகத்தைப் பார்க்காமல் அதை மெதுவாகத்தான் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நிஜம். இன்றைக்குச் செவ்வாய்தான், அதற்குள் நாலு வகை பாலாடைக்கட்டி வாங்கி வைத்துவிட்டார். வீடே நாறுகிறது, வந்து தொலை.