நாலாம் மாடிச் சப்மரீன்

மொன்றியலில் தண்ணீரில் கால் நனைக்காமலே நீர்மூழ்கிக் கப்பல் ஓட்டிய மனிதர் ஒருவர்தான். அவர் எங்கள் எதிர்வீட்டில் இருந்தார். கோட்-டெ-நெய்ஜில் ஒரு பழைய கட்டடம், நாலாம் மாடி. அவருடைய சொந்தப் பெயர் தபால்காரனுக்கு மட்டும் தெரியும். எங்களுக்கெல்லாம் அவர் சப்மரீன்.

ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற வேலை. மனைவி மன்னாரில் இருந்தா. "நாளைக்கு வள்ளம் ஏறுறன், இந்தியாவுக்குப் போய்க் கடிதம் போடுறன்" என்று எழுதியிருந்தா. அந்த நாளைக்குப் பிறகு ஒரு வரியும் இல்லை. இவர் அங்குள்ள முகாம்களுக்கெல்லாம் எழுதிக் கேட்டார். அப்படி ஒரு பெயர் இல்லை என்றே பதில் வந்தது. மனைவியைக் கனடாவுக்கு எடுக்கும் படிவம் பாதி நிரப்பியபடி மேசையில் கிடந்தது.

யூலை முதலாம் திகதி இந்த நகரமே வீடு மாறும். வீதியோரமெல்லாம் வேண்டாத சோபாவும் சட்டியும் குவிந்திருக்கும். இவர் மெத்தை பொறுக்கப் போனார். ஒரு இரட்டை மெத்தையோடு தடித்த இங்கிலிஷ் புத்தகம் ஒன்றையும் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். யுத்தகாலத்து ஜெர்மன் நீர்மூழ்கிகளின் படமும் சரித்திரமும். அத்தனை கப்பலில் ஒன்றே ஒன்றை மட்டும் அவர் பிடித்துக்கொண்டார். அறுபத்தேழு மீற்றர் நீளம். மேலே ஓட இரண்டு டீசல் இயந்திரம், உள்ளே ஓட இரண்டு மின்மோட்டர். முன்னுக்கு நாலும் பின்னுக்கு ஒன்றுமாக ஐந்து டோர்ப்பிடோக் குழாய். எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். தேவாரம்தான் மறந்துபோய்விட்டது.

அந்த வீட்டில் ஒன்பது ஆம்பிளைகள் இருந்தார்கள். மூன்று பேர் இருக்கத்தான் அனுமதி. அந்தக் கப்பலில் ஒருவன் காவலுக்கு எழும்பிப் போக, அவனுடைய சூடு ஆறாத படுக்கையில் அடுத்தவன் விழுவானாம். இங்கேயும் அப்படித்தான். ரெஸ்ரோரண்ட் வேலைக்காரன் எழும்ப, பேக்கரி வேலைக்காரன் படுப்பான். நாலு மெத்தையில் ஒன்பது பேர். ஐந்தாவதாக யன்னலோரம் அந்த இரட்டை மெத்தை சும்மா கிடந்தது. அதில் ஒருவரும் இருக்கவும் கூடாது.

"அண்ணை, நாரி முறியுது. அதில கொஞ்சம் சரியட்டே?"

"அது றிசேவ். வாறதுக்கு ஆளிருக்கு. எழும்படா!"

கப்பலில் இரண்டு கக்கூசாம். புறப்படும்போது ஒன்றுக்குள் சாப்பாட்டுச் சாமான் அடைப்பார்களாம். சாமான் தின்று முடிந்த பிறகுதான் அதைப் பாவிக்கலாம். அதைப் படித்த அன்றே இவர் குளியல் தொட்டிக்குள் அரிசி மூட்டையும் வெங்காயமும் அடுக்கிவிட்டார். அந்த வீட்டில் யாராவது குளித்தால் வெங்காயம் இறக்கும் சத்தம் எங்கள் குசினிவரை கேட்கும். கக்கூசுத் தொட்டியின் கீழே இருந்த தண்ணீர்க் குழாயைப் பூட்டி வைத்து, திறக்கும் முறையையும் எழுதி ஒட்டினார். முதலில் இடக்கைப் பக்கம் திற, பிறகு இழு, இருபது எண்ணு, பூட்டு. பிழைத்தால் கடல் உள்ளே வருமாம்.

கடல் ஒருநாள் வந்தது.

கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் கொன்சியேர்ஜ் படியேறி வந்தான். இவர் கதவு ஓட்டையில் ஒரு கண்ணை வைத்து, "தாழுங்கோ!" என்றார். அது அவர்களுடைய கட்டளை. அடுப்பு அணைந்தது, ரேடியோ நின்றது, ஒன்பது பேரும் மூச்சைப் பிடித்தார்கள். "பொங்ஜூர்?" என்று அவன் தட்டினான். அப்போது பத்தாவது ஆளாக முந்தின நாள் வந்து சேர்ந்த மன்னார்க்காரன் கக்கூசுக்குள் இருந்தான். பதற்றத்தில் வலக்கைப் பக்கம் திருகினான் போலும். குழாயின் தலை கையோடு வந்துவிட்டது. தண்ணீர் கதவுக்குக் கீழால் ஓடி, கொன்சியேர்ஜின் சப்பாத்தை நனைத்தது.

கதவு திறந்தது. முதலில் நாலைந்து வெங்காயம் உருண்டு வந்தன. ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். கொன்சியேர்ஜ் விரல் விட்டு எண்ணி, ஐந்துக்குப் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டான்.

"அண்ணை, வெளியால வாங்கோ!"

"கப்டன் கடைசியாத்தான்ரா இறங்கோணும்!"

புத்தகத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி அவர் கடைசியாக இறங்கினார்.

அடுத்த யூலை முதலாம் திகதி எல்லாரும் போய்விட்டார்கள். இவர் தனியே மிஞ்சினார். தன் கப்பலின் கதை கேட்க ஆளில்லாமல் எங்கள் குசினிக்கு வரத் தொடங்கினார். நான் அந்நிய ஆம்பிளைகளோடு முகம் பார்த்துக் கதைத்துப் பழகாதவள். அடுப்பைப் பார்த்தபடி புட்டு அவித்துக்கொண்டு கேட்பேன்.

"முதல் பயணம் எஞ்சின் பழுது, திரும்பி வந்தது அக்கா. ரெண்டாவதில பிளேன் குண்டு போட்டது, திரும்பி வந்தது. மூண்டாவதில ஒரே பனிப்புகார், ஒண்டையும் காணேல்லை, திரும்பி வந்தது. நாலாவதில திரும்பேல்லை."

என் மருமகனுக்குப் பொறுக்காது. "அண்ணை, ஹிட்லரின்ர கப்பலே கிடைச்சது உங்களுக்கு? அதிலயும் ஒண்டையும் தாக்காத கப்பல்!"

"அதுதான் தம்பி. ஒரு உயிரையும் எடுக்கேல்லை. உள்ளுக்க இருந்ததுகளுக்கும் வீட்டில பெண்சாதி இருந்திருக்கும்."

பிறகு பாதி நிரப்பிய படிவத்தை அவர் அப்படியே அனுப்ப, குடிவரவுக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. மனைவியின் விலாசத்தை மாத முடிவுக்குள் தர வேண்டும், அல்லது அவ உயிரோடு இல்லை என்று எழுதித் தர வேண்டும். இல்லாவிட்டால் கோப்பை மூடிவிடுவார்கள். மருமகன் பேனையோடு இருந்தான்.

"அண்ணை, கோவிக்காதேங்கோ. மனுசி செத்திட்டா எண்டு போடட்டே? விலாசத்தை வெறுமையா விடேலாது."

அவர் புத்தகத்தைத் திறந்து அந்தக் கப்பலின் கடைசி வரியில் விரலை வைத்தார். "வாசியும்."

"காணாமற்போனது. காரணம் தெரியாது."

"அம்பது வருசம். சண்டை பிடிச்ச ரெண்டு பக்கமும் தேடினது. அப்பிடியிருந்தும் இதை எழுதினவனுக்கு வேற சொல்லுப் போட மனம் வரேல்லை. எனக்கு எப்பிடித் தம்பி வரும்?"

எழுதினவன் தெரியாமல்தான் அப்படி எழுதியிருப்பான், மனத்தால் அல்ல. எனக்கே விளங்கியது. ஆனால் நான் அடுப்பிலிருந்து திரும்பி, முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தேன்.

"எதிர்வீட்டு விலாசத்தைப் போடுங்கோ. மெத்தை அங்கைதானே போட்டுக்கிடக்கு."

அவர் புட்டை முழுவதும் சாப்பிட்டார். மருமகன் தலையில் அடித்துக்கொண்டு அப்படியே எழுதினான்.

ஒரு மாதத்தில் கோப்பை மூடிவிட்டார்கள்.

நாங்கள் புரோசார்ட்டுக்கு வீடு மாறியபோது எங்களோடு வரச் சொன்னேன். "விலாசம் மாறக்கூடாது அக்கா" என்று சொல்லிவிட்டு, எங்கள் அலுமாரியைத் தனியே நாலு மாடி இறக்கித் தந்தார். அடுத்த மாரியில் மகள் போய்ப் பார்த்தாள். மணியடிக்கும் இடத்தில் வேறு யாரோ ஒருவரின் பெயர். மனைவியைத் தேடி இந்தியாவுக்குப் போனார் என்றார் ஒருவர். ரொறன்ரோ என்றார் இன்னொருவர். சரியாகத் தெரிந்தவர் யாரும் இல்லை.

இங்கே யன்னலோரம் ஒரு இரட்டை மெத்தை போட்டு வைத்திருக்கிறேன். வருகிற சனத்தைச் சோபாவில்தான் படுக்க வைக்கிறேன். "அம்மா, இது ஆருக்கு?" என்று மகள் கேட்டால், அடுப்பைப் பார்த்தபடி, "அது றிசேவ்" என்கிறேன்.