எருமைப் பாறையடியில் ஒரு பிடி மண்

முறைப்படி செய்த காரியம் தவறாகப் போகாது என்று நம்புகிறவர்களைத்தான் அரசாங்கம் எழுதுவினைஞர்களாக எடுத்துக்கொள்கிறது. என்னையும் அப்படித்தான் எடுத்தது. பதுளைக் கச்சேரியின், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தின், காணிப் பிரிவில் உட்கார்ந்தபடி, போய்ப் பார்த்தே இராத நிலங்களுக்கெல்லாம் எல்லை சொல்லிக்கொண்டிருந்தேன். (அதற்குச் சம்பளமும் கொடுத்தார்கள்.)

ஐம்பதுகளின் நடுப்பகுதி. எனக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள். மாமனாரின் இலங்கைப் பிரஜாவுரிமை விண்ணப்பம் அப்போதுதான் நிராகரிக்கப்பட்டிருந்தது. லுணுகலைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, கொஸ்லந்தப் பக்கத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாக உழைத்து ஓய்ந்தவர். ஆனால் பிறந்ததற்கு அத்தாட்சி இல்லை. விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தவன் நான்தான். முறையில் ஒரு குறையும் இருக்கவில்லை.

அடுத்த வாரம் அவர் தலைமன்னாரில் கப்பலேறி, கண்ணால் கண்டிராத திருச்சிப் பக்கத்து ஊருக்குத் 'திரும்பி'ப் போக வேண்டும். போகுமுன் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. தன் அப்பாவைப் புதைத்த இடத்திலிருந்து ஒரு பிடி மண்.

இடம்தான் தெரியவில்லை. அப்பா இறந்தபோது அவருக்கு ஏழு வயது. உடனே தாயார் அவரைக் கூட்டிக்கொண்டு கொஸ்லந்தப் பக்கம் போய்விட்டார். மிஞ்சியது ஒரு புகைப்படம். பால் தெளித்த அன்று, புதுக் கமெராவுக்கு இரை தேடிக்கொண்டிருந்த வெள்ளைக்காரத் துரை எடுத்தது. ஒரு மண்மேடு, மொட்டைத் தலையோடு ஒரு பையன், பின்னால் படுத்திருக்கும் எருமை போல ஒரு பாறை.

"தண்ணி விழுற சத்தம் கேட்டுச்சு மாப்பிள்ளை. அதுக்கு மேல ஒண்ணும் ஞாபகமில்ல."

"அது போதும் மாமா. இதுக்குன்னு ஒரு முறை இருக்கு."

"அவருக்கு எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்குப்பா, சோறு பிசையிறதுக்குக்கூட" என்றாள் என் மனைவி கமலம்.

நான் பொருட்படுத்தவில்லை. சர்வே படத்தை விரித்து ஓடைகளைக் குறித்தேன். புகைப்படத்தில் நிழல் விழுந்த பக்கத்தை வைத்துத் திசை கணித்தேன். தோட்டத்துப் பெரிய துரைக்கு எழுதி அனுமதி வாங்கினேன். (நிலவில் இறங்குவதற்குக்கூட இவ்வளவு ஆயத்தம் தேவைப்பட்டிருக்காது.) லுணுகலைக்கு பஸ் ஏறி, அங்கிருந்து மூவரும் மலையேறினோம்.

பாறை இருந்தது! எருமையேதான். தண்ணீர்ச் சத்தமும் கேட்டது. பாறையடியில் சிமெந்து பூசிய ஒரு கல்லறை, தலைமாட்டில் எழுத்துப் பொறித்த கல். என் வாழ்க்கையில் நான் சரியாக இருந்த மிக நீண்ட கால்மணி நேரம் அது.

"படத்துல கல்லு இல்லியே?" என்றாள் கமலம்.

"பொறகு வச்சிருப்பாங்க. படமெடுக்கிற அளவுக்கு அக்கறை உள்ள துரை கல்லு வைக்க மாட்டானா?"

"ரொம்பக் குட்டையா இருக்கே?"

"தலைப்பக்கம் மட்டுந்தான் சிமெந்து பூசுவாங்க." (அப்படியொரு வழக்கம் உலகில் எங்கும் இல்லை.)

பெயர் இருந்த இடத்தைப் பாசி மூடியிருந்தது. அதன் கீழிருந்த ஆங்கிலத்தை மாமாவுக்கு மொழிபெயர்த்தேன். "விசுவாசமான சேவகன். எஜமானின் இணைபிரியாத் துணைவன்."

மாமா உடைந்துபோனார். "தொரை எங்கப்பாவ இவ்வளவு மதிச்சாரா?"

தேங்காய் உடைத்தார். சூடம் காட்டினார். நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். நானும் கச்சேரிக் காற்சட்டையோடு விழுந்தேன். ஒரு பிடி மண்ணை அள்ளித் துண்டில் முடிந்துகொண்ட பிறகு கேட்டார்:

"எங்கப்பா பேரு இங்கிலீசுல எப்படி இருக்குன்னு காட்டுங்க மாப்பிள்ளை."

தேங்காய்ச் சிரட்டையால் பாசியைச் சுரண்டினேன். எழுத்துகள் வந்தன. உடனே உள்ளங்கையால் மூடிக்கொண்டேன்.

"கல்லு தேஞ்சிருக்கு மாமா."

கமலம் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். என் கையைத் தள்ளிவிட்டு வாசித்தாள். "டி... ஐ... ஜி... ஈ... ஆர்." நிறுத்தினாள். "டைகர்."

"எங்கப்பா பேரு கருப்பண்ணன்ல?"

அவர் தோட்டத்தில் பிறந்தவர். துரைமார் எதற்கு டைகர் என்று பெயர் வைப்பார்கள் என்று யாரும் அவருக்கு விளக்க வேண்டியதில்லை. சூடம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"நாய்க்குக் கல்லு வச்சிருக்கான்" என்றார் மெதுவாக. பிறகு, "அது பொறந்த வருசம் போட்டிருக்கா மாப்பிள்ளை?"

"போட்டிருக்கு மாமா."

"செத்தது?"

"அதுவும் இருக்கு."

"அப்ப அதுக்குப் பிரஜாவுரிமை குடுத்திருப்பாங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அடக்க முடியாமல் கமலமும் சிரித்தாள். அவர் எந்த இடத்தில் சிரிப்பை விட்டு அழத் தொடங்கினார் என்று எனக்குத் தெரியவில்லை. எல்லைகளைக் குறிப்பதுதான் என் வேலை.

படத்தை மறுபடி பார்த்தேன். பாறை சரி, இடமும் சரி. ஆனால் படத்தில் மொட்டையாக இருந்த சரிவு முழுவதும் இப்போது தேயிலை, பாறையின் வால் வரைக்கும். கருப்பண்ணன் எந்தச் செடிக்கு அடியில் இருக்கிறார் என்று சொல்ல என்னிடம் முறை எதுவும் இல்லை.

மாமா முடிச்சை அவிழ்த்து மண்ணைக் கல்லறை மேலேயே கொட்டினார். "அவனோடது அவனுக்கு." துண்டை உதறித் தோளில் போட்டார்.

"இந்தச் சரிவுலயே எங்கயாவது ஒரு பிடி..." என்று இழுத்தேன்.

"எத அள்ளினாலும் நீங்க சரின்னுதான் சொல்லுவீங்க மாப்பிள்ளை."

வெறும் கையோடு கப்பலேறினார். சில வருடங்களில் அந்த ஊரிலேயே இறந்துபோனார் என்று செய்தி வந்தது. படம் எதுவும் வரவில்லை.

இன்றும் எங்கள் வீட்டில் நான் எதையாவது உறுதியாகச் சொன்னால், பேரப்பிள்ளைகள்வரை கேட்கிறார்கள்: "நாயா மனுசனா, நல்லாப் பாத்துட்டுச் சொல்லுங்க தாத்தா." அமாவாசைப் படையலில் காகத்துக்கு வைத்த பின் ஒரு கைப்பிடி சோறு வாசலில் தெருநாய்க்குப் போகிறது. அதன் பெயர் டைகர் தாத்தா சோறு. எல்லோரும் சிரிக்கிறார்கள், நானும்தான்.

சிரித்து முடித்ததும் கமலம் அந்த நாயிடம் ஒவ்வொரு முறையும் அதையே சொல்கிறாள்:

"சாப்பிடுடா. ஒங்க சாதிக்குத்தான் கல்லு இருக்கு."