படியிறங்கினால் கேட்கக்கூடாது

இந்தச் செவ்வாய்க்கிழமை உண்மையைக் கண்டுபிடித்தே தீருவது என்று வெங்கிடாசலம் முடிவு கட்டிவிட்டார்.

அவரைச் சாதாரண ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். கொச்சியில், கொச்சங்காடியில் ஒரு மிளகுக் கிடங்கில் முப்பத்துநாலு வருஷம் சரக்கு பார்த்தவர். மிளகோடு கலந்திருக்கும் பப்பாளி விதையைப் பத்தடி தள்ளி நின்றே பிடித்துவிடுவார். ஓய்வு பெற்றதும் மிளகு போயிற்று. சந்தேகம் மட்டும் வீட்டோடு வந்துவிட்டது. பால்காரர், பக்கத்து வீட்டு சுபாஷிணி, டிவியில் வானிலை சொல்லும் பெண், ஒருவரையும் அவர் நம்புவதில்லை. மட்டாஞ்சேரியிலிருந்து காயலில் ஓடும் மெட்ரோ போட்டில் ஒருதரம் போய்வரலாம் என்று மனைவி லோகாம்பாள் கெஞ்சாத நாளில்லை. "முங்கும்" என்று ஒரே வார்த்தையில் படகை மூழ்கடித்து முடித்துவிடுவார்.

அந்த லோகாம்பாள்தான் இப்போது மூன்று செவ்வாயாக நாலு மணிக்குப் புடவை மாற்றிக்கொண்டு கிளம்புகிறாள். போனில் ஓயாமல் குசுகுசு. இவர் தலை தெரிந்தால் "அப்பறம் விளிக்கறேன்" என்று வைத்துவிடுவாள். எல்லாவற்றையும்விட மோசம், காரணமில்லாமல் சிரிக்கிறாள்.

"எங்கே போகிறாய்?" என்று கேட்டுவிட வேண்டியதுதானே என்பீர்கள். அங்கேதான் சிக்கல். படியிறங்குகிறவர்களை எங்கே என்று கேட்கக்கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். போட்டவர் அவரேதான். ஒருதரம் மகள் ஸுப்ரியா வாய்தவறிக் கேட்டதற்கு, செருப்பைக் கழற்றி, உள்ளே வந்து, தண்ணீர் குடித்து, ஐந்து நிமிஷம் உட்கார்ந்த பிறகே கிளம்பினார். பஸ் போய்விட்டது. சரி, முன்கூட்டியே கேட்கலாமே? மூட்டையைக் குத்திப் பார்க்கப் போகிறேன் என்று எந்த மடையனாவது வியாபாரியிடம் சொல்லி வைப்பானா?

திங்கட்கிழமை காலையில் இன்னொரு தடயம் கிடைத்தது.

"ஏன்னா, இங்க வாங்கோ. குக்கர் இப்படியாக்கும் வைக்கணும். மூணு விசில். பின்னே அணைச்சுடுங்கோ."

"இதெல்லாம் நேக்கு என்னத்துக்கு?"

"ஒண்ணுல்யே. சும்மா தெரிஞ்சு வெச்சுக்கோங்கோ."

சும்மாவா! வெங்கிடாசலத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கலூரில் மகன் நிகில் வீட்டோடு போய் இருக்கப் போகிறாள். இவருக்கு இங்கே குக்கரும் மூன்று விசிலும். அவள் இல்லாத வீட்டில் ஒரு நாள்கூட அவரால் இருக்க முடியாது. அது அவருக்குத் தெரியும். அவளிடம் சொன்னதுதான் இல்லை.

செவ்வாய், மணி நாலு. அவள் முன்னே, இவர் பின்னே. மழையும் இல்லை, வெயிலும் இல்லை, குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். அவள் திரும்பியபோதெல்லாம் ஏதாவது கடையில் நுழைந்து சுக்கு விலை கேட்டார். லோகாம்பாளோ, மனுஷர் வழி தவறிவிடக்கூடாதே என்பதுபோல மூலைக்கு மூலை நின்று நின்று போனாள். அதையாவது கவனித்திருக்கலாம்.

ஒரு வாசகசாலையின் மாடிப்படியில் ஏறினாள். இவரும் ஏறினார். உள்ளே பத்துப் பேர். முன்வரிசையில் ஒரு நாற்காலி காலி. லோகாம்பாளைக் காணோம். மாளவிகா என்று மார்பில் பெயர்ச்சீட்டு குத்திய இளம்பெண் எழுந்து வந்தாள்.

"வெங்கிடாசலம் சாரல்லே? இருங்க, உங்க சீட்டுதான் அது."

"நான் என் ஆத்துக்காரியைத் தேடியாக்கும் வந்தது!"

"மாமி இப்பத்தான் பின்படி வழியா எறங்கினாங்க. மூணு வாரமா உங்க பேரைக் கொடுத்து இடம் பிடிச்சு வெச்சிருக்காங்க. கூப்பிட்டா வரமாட்டார், கூப்பிடாம இருந்தா நாலாவது வாரம் தன்னால வருவார்னு சொன்னாங்க."

வெங்கிடாசலம் குடையை மடக்கினார். "என்ன க்ளாஸ் இது?"

"சந்தோஷத்துக்குக் குறுக்கே நிக்கற நினைப்புகளைக் கண்டுபிடிக்கற க்ளாஸ். அடுத்தவங்க மனசுல உள்ளது எனக்குத் தெரியும்னு முடிவு பண்றது. எதை எடுத்தாலும் முங்கும்னு சொல்றது."

"அது நினைப்பு இல்லை குட்டி, உத்தியோகம்! பப்பாளி விதைன்னு ஒண்ணு…"

"நூறு மூட்டையில எத்தனை மூட்டையில சார் விதை இருந்தது?"

"நாலு. ஏறினா அஞ்சு."

"வீட்டுல?"

வெங்கிடாசலம் முப்பத்தாறு வருஷக் குடித்தனத்தை மனசுக்குள் மூட்டை மூட்டையாகக் கவிழ்த்துப் பார்த்தார். ஒரு விதைகூட அகப்படவில்லை. கண் கரித்தது. சுக்கு நெடி என்று தும்மி வைத்தார்.

"கதை கட்டாதீங்க. சந்தேகம் வந்தா நேரா கேளுங்க. அதுதான் ஹோம்வொர்க்" என்றாள் மாளவிகா.

வீட்டில் லோகாம்பாள் காப்பியோடு நின்றாள். "க்ளாஸ் கொள்ளாமோ? பிடிச்சுதோ?" என்று மட்டும் கேட்டாள். தனக்காக இவ்வளவு பாடுபட்டிருக்கிறாளே என்று சூடு பாராமல் காப்பியை ஒரே மடக்கில் குடித்தார். அந்த வாரம் முழுக்க அவர் யாரையும் சந்தேகப்படவில்லை. பால்காரரே பயந்துவிட்டார்.

அடுத்த செவ்வாய் சலவை வேஷ்டியோடு புது மனுஷராக நின்றார்.

"வா லோகா, சேந்து போலாம்."

"க்ளாஸ் உங்களுக்காக்கும். நேக்கு அங்க என்ன ஜோலி? நான் வர நேரமானா குக்கர் வைங்கோ."

வாசலில் சுபாஷிணி நேந்திரங்காய் உப்பேரிப் பொட்டலத்தோடு நின்றாள். "மாமி, போட் வந்துடும்!"

போட்டா! அப்படியானால் இத்தனை செவ்வாயும் பின்படி இறங்கிப் போனது போட்டுக்குத்தானா? கதை கட்டக்கூடாது. நேரே கேட்க வேண்டும். வெங்கிடாசலம் வாயைத் திறந்தார்.

"லோகா, எங்…"

லோகாம்பாள் ஒரு காலைப் படியில் வைத்தபடி திரும்பினாள். "படியெறங்கியாச்சு. கேக்கப்படாது. நீங்க போட்ட சட்டமாக்கும்."

போய்விட்டாள். வெங்கிடாசலம் உள்ளே வந்து, செருப்பைக் கழற்றி, அவளுக்குப் பதிலாகத் தான் தண்ணீர் குடித்து, ஐந்து நிமிஷம் உட்கார்ந்து, க்ளாஸுக்குக் கிளம்பினார்.