மச்சானுக்காகப் படித்த ஸ்பானிஷ்

அந்த வருஷம் கார்த்திகை தீபத்துக்குள் ஸ்பானிஷ் மொழியைக் கரைத்துக் குடித்துவிடுவது என்று முடிவு செய்தேன். தாலுகா ஆபீஸ் டீயைக் குடித்துப் பழகியவனுக்கு எதுவும் தொண்டையில் இறங்கும்.

நான் சொல்வது எண்பத்து மூன்றாம் வருஷம். செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குப் பக்கம் எங்கள் வீடு. மாடி ரூமில் இனெஸ் என்று ஒரு ஸ்பெயின் தேசத்துப் பெண் குடியிருந்தாள். தியானம் செய்ய வந்தவள். ஸ்பானிஷ் தவிர ஒரு பாஷையும் தெரியாது. தீபம் முடிந்ததும் ஊருக்குக் கிளம்புவதாகக் கையாலேயே சொல்லியிருந்தாள். அன்றைக்கே என் மனைவி பாஞ்சாலை ஆரம்பித்துவிட்டாள்.

"மாடி காலியானதும் எங்க வேணு வந்து இருக்கட்டும்ங்க. இங்க எதனா வேலை தேடிக்குவான்."

"எத்தினி நாளைக்கு?"

"வேலை கிடைக்கிற வரைக்கும்."

வேணு அவள் தம்பி. அவன் வேலை தேடும் அழகு எனக்குத் தெரியும். போன தடவை ரெண்டு நாள் என்று வந்தான். மாம்பழ சீசன் முடிந்துதான் போனான். அதுவரை என் ஈசிசேர் அவனுடையது. பேப்பர் என் கைக்கு வரும்போது அதில் செய்தியைவிட வடை எண்ணெய் ஜாஸ்தியாக இருக்கும்.

பாஞ்சாலையிடம் 'வேண்டாம்' என்று சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது. ஒரே வழி, இனெஸ் ஊருக்குப் போகக் கூடாது. அதையும் பாஞ்சாலைக்குப் புரியாத பாஷையில் சொல்ல வேண்டும். மதார் சாகிப்பின் பழைய பேப்பர் கடையில், எந்த வெள்ளைக்காரரோ போட்டுவிட்டுப் போன ஸ்பானிஷ் பாடப்புத்தகம் கிடைத்தது.

முதல் பாடம் சுலபம். வினைச்சொற்கள் எல்லாம் வரிசையில் நின்றன. இரண்டாவதில் ஒழுங்கற்ற வினைகள் வந்தன. புத்தகமே அவற்றுக்கு அப்படித்தான் பேர் வைத்திருந்தது. வருவதற்கு 'வெனிர்'. ஆனால் நான் வந்தால் 'வெங்கோ', நீ வந்தால் 'வியெனெஸ்', அவன் வந்தால் 'வியெனெ'. போவதற்கு 'இர்'. 'நான் போகிறேன்' என்றால் 'வோய்'. அதில் இர் எங்கே என்று தேடினேன். அதுவும் போய்விட்டிருந்தது. 'அவன் போகிறான்' என்பதற்கு 'வா' என்கிறார்கள். எங்கள் வீட்டில் வேணு விஷயமும் அதேதான். அவன் போகிறேன் என்பான், இவள் வா என்பாள்.

வீட்டில் வாய்விட்டுப் படிக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மலை சுற்றக் கிளம்பினேன்.

"என்னங்க, திடீர்னு பக்தி?"

"மனசு லேசாவணும்."

"மனசா, தொப்பையா?"

அடி அண்ணாமலை தாண்டும்போது எனக்கு வேகம் வந்துவிட்டது. "வெங்கோ, வியெனெஸ், வியெனெ" என்று உரக்கச் சொன்னேன். பின்னால் ஒரு கூட்டமே "வெங்கோ, வியெனெஸ், வியெனெ" என்றது. மலை சுற்றும்போது முன்னால் போகிறவர் நாமம் சொன்னால் பின்னால் வருகிறவர்கள் வாங்கிச் சொல்வார்கள். நடுவில் நிறுத்தினால் பாவம். ஒழுங்கற்ற வினைகள் அத்தனையையும் அந்தக் கூட்டத்துக்குச் சொல்லிக்கொடுத்தேன். கடைசியில் ஒரு பெண் வாழைப்பழம் கொடுத்து, என் காலில் விழுந்து எழுந்தாள். எங்கள் தெருவுக்குப் பூ கொண்டுவரும் வெள்ளையம்மாள்.

"சார், நீங்களா?" என்றவள் பழத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் பாஞ்சாலை பூவைத் தலையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"மலையில ஏதோ மந்திரம் சொன்னீங்களாமே. வெள்ளையம்மா எனக்கும் சொல்லிக் குடுத்துச்சு."

"அது வடமொழி ஸ்லோகம்."

"அப்படிங்களா? நான் சொன்னதும் இனெஸ் மாடியிலேர்ந்து எட்டிப் பார்த்து சிரிச்சுது. அதுக்கும் வடமொழி வரும் போல."

நான் காபியில் கவனம் செலுத்தினேன். அதன்பிறகு ஞாயிறுதோறும் அவளே என்னை எழுப்பி மலைக்கு அனுப்பினாள். என் பக்தியை மெச்சுகிறாள் என்று நினைத்தேன். எனக்கு அவ்வளவுதான் புத்தி. இனெஸிடம் சொல்லவேண்டியதை மட்டும் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுப் பழகினேன்.

தீபத்துக்கு மறுநாள் காலை. கீழே அம்மிச் சத்தம் கேட்டது. இதுதான் சமயம் என்று மாடிக்கு ஓடினேன். துணி மடித்துக்கொண்டிருந்த இனெஸிடம் ஸ்பானிஷில் ஒரே மூச்சில் ஒப்பித்தேன். என் மச்சான் வருகிறான். எனக்குப் பிடிக்கவில்லை. நீங்கள் போக வேண்டாம். வேர்த்துக் கொட்டியது. ஆனால் ஒரு வினைகூட வழுக்கவில்லை. எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

இனெஸ் பொறுமையாகக் கேட்டுவிட்டு வாயைத் திறந்தாள்.

"ஏங்க," என்றாள்.

பாஞ்சாலையிடம் தமிழ் படித்தவள் வேறெப்படிக் கூப்பிடுவாள்?

"நான் போவலீங்க. அக்கா இருக்கச் சொல்லிச்சு. நீங்க மலைக்குப் போனதும் அக்கா எனக்கு தமிழ் சொல்லிக் குடுக்கும். நீங்க பாத்ரூம்ல படிச்சது எல்லாம் நான் அக்காவுக்கு சொல்லிட்டேன்."

நான் ஊரைச் சுற்றிப் படித்திருக்கிறேன். பள்ளிக்கூடம் என் சமையல்கட்டில் நடந்திருக்கிறது. போகட்டும். இனெஸ் போகவில்லை என்றால் மாடி காலியாகாது. மாடி காலியாகாவிட்டால் வேணு வர முடியாது. வெட்கத்தை விழுங்கிவிட்டு, சந்தோஷமாகப் படியிறங்கினேன்.

கீழே என் ஈசிசேரில் வேணு. கையில் பேப்பர், பேப்பர்மேல் வடை.

"மாடிதான் காலியில்லையே," என்றாள் பாஞ்சாலை, அம்மியை விட்டு எழாமலே. "அதான் தம்பியை நம்ம ரூம்லயே இருக்கச் சொல்லிட்டேன். நான் கூடத்துல படுத்துக்குவேன். உங்களுக்கு நடையில பாய் போட்டிருக்கு."

"எத்தினி நாளைக்கு?"

"'வர்றான்' பாடம்தான் மலை சுத்தி சுத்திப் படிச்சீங்களே, அது போதும். 'போறான்' பாடத்தை விட்டுடுங்க. நம்ம வூட்டுக்கு அது தேவைப்படாது."