இடது முழங்கைக்கு விடுப்பு இல்லை

ஒரு நகரத்தின் பெருமையை அதன் கோட்டைகள் சொல்லும் என்பது விவரம் தெரியாதவர்கள் பேச்சு. கோட்டை எல்லா ஊரிலும் இருக்கிறது. இல்லாத ஊரில் இடிந்த சுவராவது இருக்கிறது. உலகத்தைத் தேடி வரவைப்பது, ஜன்னலில் நின்று கொட்டாவி விடும் மனிதர்தான். இந்த உண்மையை முதலில் கண்டறிந்த பெருமை இந்தக் கதை நடக்கும் நகரத்துக்கு உண்டு.

கண்டறிந்தது தற்செயல். மூன்று வருடத்துக்கு முன் ஒரு வெளிநாட்டுப் பயணி வழி தவறிப் படிக்கட்டுத் தெருவுக்குள் வந்து நிமிர்ந்து பார்த்தார். இரண்டாவது மாடி ஜன்னலில் லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் பனியனோடு நின்று, கண்ணை மூடி, வாயை முழுதாகத் திறந்திருந்தார். கொடியில் இரண்டு போர்வையும் ஒரு நீலச் சட்டையும் சொட்டிக்கொண்டிருந்தன. பயணி படம் எடுத்தார். அது ஒரு பத்திரிகையின் அட்டையில் வந்தது. 'காலம் உறைந்த நகரம்' என்று கீழே போட்டிருந்தார்கள்.

படத்தின் வலது ஓரத்தில் இன்னொன்றும் இருந்தது. ஈரத் துணியைப் பிழியும் ஒரு பெண்ணின் இடது முழங்கை. மெக்கானிக்கின் மனைவியுடையது. மீதிப் பகுதி படத்துக்கு வெளியே போய்விட்டது.

மீதிப் பகுதிக்கு ரயில் நிலையத்தில் வேலை. அறிவிப்பாளர். எந்த ரயில் எந்த நடைமேடையிலிருந்து எந்த ஊருக்குப் புறப்படும் என்று இருபது வருடமாக ஒரு கண்ணாடி அறையில் உட்கார்ந்து சொல்லிவந்தாள். அவள் சொன்னால் ஜனம் எழுந்து மூட்டையைத் தூக்கும். பலகையில் வேறு எழுதியிருந்தாலும் அவள் குரலைத்தான் நம்பும். ஆக, உலகம் அவள் குரலைக் கேட்டது. அவள் முழங்கையைப் பார்த்தது. ஒரு பெண்ணுக்கு இதற்குமேல் என்ன கௌரவம் வேண்டும்?

அட்டைப்படம் வந்த இரண்டாம் மாதம் தெருவில் கால் வைக்க இடமில்லை. அரசு உடனே 'காட்சிப் பாதுகாப்புத் துறை'யைத் தொடங்கியது. துறையின் அலுவலர் ஒரு கையில் படமும் மறு கையில் அளவு நாடாவுமாக மாடியேறி வந்து ஆணையைப் படித்தார். ஜன்னல், கொடி, போர்வைகள், நீலச் சட்டை, மெக்கானிக், முழங்கை ஆகியவை 'காட்சியின் பிரிக்க முடியாத கூறுகள்'. காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அவை படத்தில் உள்ள இடத்தில் இருக்க வேண்டும். ஆறு நிமிடத்துக்கு ஒரு கொட்டாவி. துணி காயக் கூடாது.

மெக்கானிக்கை லிஃப்ட் வேலையிலிருந்து விடுவித்தார்கள். அதன் பிறகு நகரத்து லிஃப்ட்டுகள் மாடிகளுக்கு நடுவில் நின்றன. உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் உள்ளூர்க்காரர்கள் என்பதால் அது ஒரு குறையாகக் கருதப்படவில்லை. தெருமுனை மளிகைக் கடை, ஃப்ரிட்ஜில் ஒட்டும் கொட்டாவிப் படங்கள் விற்கும் கடையாக உயர்ந்தது. வெங்காயம் வேண்டுமென்றால் இரண்டு பாலம் தாண்டிப் போக வேண்டும். அவளுடைய பணி நேரத்தையும் மதியத்துக்கு மாற்றினார்கள். காலையில் முழங்கை, மாலையில் குரல்.

மெக்கானிக் தன் பொறுப்பை உணர்ந்தவர். கண்ணாடி முன் பயிற்சி செய்தார். திங்கட்கிழமைக் கொட்டாவி வேறு, மழைநாள் கொட்டாவி வேறு என்று கேட்பவர்களுக்கெல்லாம் விளக்கினார். சாப்பிடும்போது அதிகம் மென்றால் தாடை களைத்துவிடும் என்று சோற்றைக் குழைய வடிக்கச் சொன்னார். அவள் வடித்தாள்.

இந்த நிலையில், இருபது வருடச் சேவையைப் பாராட்டி ரயில்வே அவளுக்கு இரண்டு இலவச டிக்கெட் கொடுத்தது. எந்த ஊருக்கும் போகலாம். ஆனால் அந்த மாதத்துக்குள் போக வேண்டும். அவள் யோசிக்கவே இல்லை. ஏரி நகரம். மாலை ஐந்தே கால் ரயில், மூன்றாம் நடைமேடை.

"அப்படி ஒரு ஊர் இருக்கா இல்லையான்னே எனக்குத் தெரியாதுங்க," என்றாள் கணவரிடம். "இருபது வருஷமா என் பேச்சை நம்பித்தானே ஜனங்க ஏறிப் போறாங்க. ஒரு தடவை போய்ப் பார்த்துட்டா மனசு நிம்மதியா இருக்கும்."

மெக்கானிக் வந்த கொட்டாவியை முடித்துவிட்டு, நல்ல யோசனை என்றார். இத்தனை நாள் உலகம்தான் அவரைப் பார்த்திருந்தது. பதிலுக்கு அவரும் உலகத்தைப் பார்ப்பதுதான் மரியாதை.

இருவருமாக விடுப்புக்கு விண்ணப்பித்தார்கள். காட்சி விடுப்பு எடுக்கலாம், பதில் ஆள் வைக்க வேண்டும் என்று துறை சொன்னது. அவளுடைய தம்பி இருந்தான். பத்து வருடமாகப் படுத்தபடியே வேலை தேடிக்கொண்டிருப்பவன். அவனுக்குப் பனியன் மாட்டி ஜன்னலில் நிறுத்தினார்கள். அலுவலரும் வரலாற்றுப் பேராசிரியர் ஒருவரும் அடங்கிய தேர்வுக் குழு கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவனுடைய தகுதிகள் என்னென்ன என்று கேட்டது. கேள்வி முடியுமுன்பே அவன் கொட்டாவி விட்டுவிட்டான். குழு எழுந்து நின்று கைதட்டியது.

"இதுல என்ன மாமா கஷ்டம்?" என்று கேட்டான் தம்பி.

"கஷ்டமே இல்லாத மாதிரி தெரியணும்ல மாப்ள, அதுதான் கஷ்டம்," என்றார் மெக்கானிக். அவருக்குக் கொஞ்சம் வயிறு எரிந்தது.

அவருடைய விடுப்பு அன்றே கையெழுத்தானது. அவளுடைய தாளை அலுவலர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அம்மா தாராளமா போகலாம்," என்றார். "நாங்க யாரையும் தடுக்கிறதில்லை. முழங்கை மட்டும் இருக்கணும்."

"முழங்கையை வச்சுட்டு எப்படி சார் போறது?"

"அது உங்க சொந்த விஷயம். துறை அதுல தலையிடாது."

பதில் முழங்கைக்கும் விளம்பரம் கொடுத்தார்கள். பதினொரு பெண்கள் வந்து ஜன்னலோரம் மடக்கிக் காட்டிப் போனார்கள். பேராசிரியர் பூதக்கண்ணாடியால் பார்த்து ஒவ்வொன்றாகத் தள்ளினார். அவள் முழங்கையில் ஒரு விரல் நீளத்துக்குத் தழும்பு உண்டு. அவர் அதைப் பற்றி நூற்று நாற்பது பக்கம் எழுதியிருந்தார். அந்த நகரம் கண்ட முற்றுகைகளின் மௌனச் சாட்சி அது என்பது அவர் முடிவு.

கொதிக்கிற பாத்திரத்தை அவசரத்தில் இறக்கும்போது சுட்டது, வேலைக்கு நேரமாகிவிட்டது அன்று, என்றாள் அவள்.

பேராசிரியர் புன்னகைத்தார். "அப்படியும் ஒரு கருத்து இருக்கு," என்றார்.

ஆக, இடது முழங்கைக்கு விடுப்பு மறுக்கப்பட்டது. மெக்கானிக் அன்று முழுக்க வருத்தமாக இருந்தார். கொட்டாவிகூடச் சுரத்தில்லாமல் வந்தது. சாயங்காலம் ஒரு முடிவுக்கு வந்தார்.

"டிக்கெட் வீணாப் போகக் கூடாதுல்ல," என்றார். "நான் போய்ப் பார்த்துட்டு வந்து உனக்கு ஒண்ணு விடாம சொல்றேன். நீ போன மாதிரியே இருக்கும்."

"இன்னொரு டிக்கெட்?"

அலுவலர் வருகிறார், ஏரி நகரத்து ஜன்னல்களை ஒப்பிட்டு ஆய்வு செய்யப் போகிறார் என்றார் அவர்.

"அப்ப நான்?"

"நீ இல்லாம இங்க காட்சியே இல்லை, தெரியுமா? அவ்வளவு முக்கியமான ஆள் நீ. பெருமைப்படணும்."

அவள் பெருமைப்பட்டாள். பனியன்களைத் துவைத்து, மடித்து, பெட்டியில் வைத்தாள். சீப்பு, சோப்பு, தாடைக்குத் தேய்க்கும் தைலம் எல்லாம் வைத்தாள். பெட்டி அவருடையதுதான். அதில் அவளுடையது ஒன்றும் இல்லை என்று மூடும்போதுதான் கவனித்தாள்.

புறப்படும் நாள் மாலை ஐந்து மணிக்கு மூன்றாம் நடைமேடையில் நானூறு பேர் இருந்தார்கள். கையில் இருந்த ஃபோனில் எல்லோரும் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரயில் இன்னும் வரவில்லை, ஏரி வந்துவிட்டது. நடைமேடைகளுக்கு மேலே இருந்த கண்ணாடி அறையிலிருந்து அவள் கணவரைத் தேடினாள். புதுத் தொப்பியோடு நின்று யாரோ இரண்டு பயணிகளுக்கு மழைநாள் கொட்டாவியை விளக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அலுவலர் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தார். கணவர், அலுவலர் இருவரில் ஒருவர் அண்ணாந்து பார்த்திருந்தாலும் அவள் தெரிந்திருப்பாள். நாலு நிமிடம் காத்திருந்தாள். பிறகு மைக்கைப் போட்டாள்.

"பயணிகள் கவனத்திற்கு. ஏரி நகரம் செல்லும் ரயில் இன்று மூன்றாம் நடைமேடைக்குப் பதிலாக ஏழாம் நடைமேடையிலிருந்து புறப்படும்."

ஏழாம் நடைமேடையில் நின்றது, சிமெண்ட் ஆலை ஊருக்குப் போகும் தொழிலாளர் ரயில். ஊர்ப் பெயர் ஒவ்வொரு பெட்டியிலும் ஆளுயரத்துக்கு எழுதியிருந்தது. நானூறு பேரும் அந்தப் பெயருக்கு அடியில் முட்டி மோதி ஏறினார்கள். நிலைய விதிப்படி எந்த அறிவிப்பையும் இரண்டு முறை சொல்ல வேண்டும். அவள் விதியை மீறியவள் அல்ல. இரண்டாம் முறையும் சொல்லிவிட்டு, மைக்கை நிறுத்தி, அறையைப் பூட்டி, சாவியை ஆணியில் மாட்டிவிட்டு மூன்றாம் நடைமேடைக்கு இறங்கி வந்தாள். ரயில் அப்போதுதான் வந்து நின்றது. காலிப் பெட்டி. ஜன்னலோர இருக்கை.

டிக்கெட் பரிசோதகர் வந்து டிக்கெட் கேட்டார். நிலையத்தில் அறிவிப்பு செய்வது தான்தான் என்றாள். அவர் நம்பாமல் சிரித்தார். அவள் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "டிக்கெட் பரிசோதகர் உடனடியாகக் கடைசிப் பெட்டிக்குச் செல்லவும்," என்றாள். அவர் இரண்டு பெட்டி நடந்த பிறகுதான் ஏன் நடக்கிறோம் என்று யோசித்தார். திரும்பி வரவில்லை.

ஏரி நகரம் இருந்தது. விடியற்காலையில் இறங்கியதும் பெயர்ப்பலகையைத் தொட்டுப் பார்த்தாள். ஒலிபெருக்கியில் வேறொரு பெண் குரல், தள்ளிப்போன ரயில் ஒன்றுக்கு வருத்தம் தெரிவித்தது. சளி பிடித்த குரல். அந்தக் கண்ணாடி அறை எங்கே இருக்கிறதென்று தேடிப்போய், உள்ளே இருந்தவளை நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் வெளியே போனாள். ஏரியிலும் தண்ணீர் இருந்தது. அவள் இதுவரை யாரையும் ஏமாற்றவில்லை. நேற்று மாலை நானூறு பேரைத் தவிர.

அந்த நானூறு பேரும் ஏமாந்ததாகச் சொல்ல முடியாது. சிமெண்ட் ஆலை ஊரில் இறங்கினார்கள். ஆலையின் புகைபோக்கியை 'பழைய காவற்கோபுரம்' என்றார்கள். வெந்நீரை ஆறவிடும் குளத்தின் முன் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். சிமெண்ட் தூசி விழுந்தபோது பனி என்று கை நீட்டினார்கள். மூன்று நாளும் யாரும் புகார் சொல்லவில்லை, இருமினார்கள், அவ்வளவுதான். அலுவலர் தன் அறிக்கையில், 'இங்கே இரவு ஷிஃப்ட் முடிந்ததும் ஒரே ஜன்னலில் ஆறு பேர் கொட்டாவி விடுகிறார்கள். நம் துறை விழித்துக்கொள்ள வேண்டிய நேரம் இது' என்று எழுதினார். மெக்கானிக் அந்த ஆறு பேரோடும் நின்று படம் எடுத்துக்கொண்டார்.

நாலாம் நாள் மாலை வீடு திரும்பியவர், சொன்ன வாக்கை மறக்கவில்லை. கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, சமையலறைப் பக்கம் முகத்தைத் திருப்பி, ஏரியையும் பனியையும் காவற்கோபுரத்தையும் ஒன்று விடாமல் ஒரு மணி நேரம் சொன்னார். சமையலறை குறுக்கே பேசாமல் கேட்டது. எப்போதும் அப்படித்தான் கேட்கும்.

மறுநாள் காலை எட்டே முக்காலுக்குக் கடமைக்குப் புறப்பட்டவருக்குத் துவைத்த பனியன் கிடைக்கவில்லை. கூப்பிட்டார். மறுபடி கூப்பிட்டார். தம்பி ஒரு குவளையோடு வந்தான். நாலு நாளாகக் கொடித் துணியில் அவன்தான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"அக்கா எங்கடா?"

"நீங்க கிளம்பின அன்னிக்கே கிளம்பிட்டாங்க மாமா. யாரும் கேக்கலை. நானும் சொல்லலை."

நாலு நாளில் தெருவுக்கு வந்துபோனவர்கள் மூவாயிரம் பேர். படத்தையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்துத் திருப்தியோடு போயிருந்தார்கள்.

மெக்கானிக் பனியன் இல்லாமலே துறை அலுவலகத்துக்கு ஓடினார். அலுவலர் பதறிப்போய், காட்சிக் கூறு காணாமற்போனால் நிரப்ப வேண்டிய படிவத்தை எடுத்துக் கொடுத்தார். மெக்கானிக் உட்கார்ந்து நிரப்பினார். முழங்கை. இடது. ஒன்று. தழும்பு உண்டு. பேனா தடையில்லாமல் ஓடியது. கடைசிக் கேள்வியில் நின்றது. 'கடைசியாக எங்கே பார்த்தீர்கள்?'

சுவரில் மாட்டியிருந்த அட்டைப்படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு எழுதினார்: 'இந்தப் படத்தில்.'