‘அது வேற, இது வேற’ ஜட்ஜ்

தமிழ்நாட்டு அரசியல்வாதிகளின் சில்மிஷங்களைப் பற்றி ஜட்ஜுக்குத் தெரிந்த அளவு அவர்களின் மனைவிமாருக்கே தெரிந்திருக்காது.

காட்டுப்பாக்கத்தில் எங்கள் ஃபிளாட் வாசலில் இஸ்திரி வண்டி வைத்திருந்தார். வண்டியில் கட்சிக் கொடி, வாயில் தீர்ப்பு. நிஜப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம்.

உதவி கேட்டு வந்த பெண்ணிடம் எதிர்க் கட்சித் தலைவர் ஒருவர் வழிந்த ஆடியோ வெளியான அன்று, ஜட்ஜ் என் பேண்ட்டைத் தூக்கி ஆட்டியபடி கேட்டார்: “பொம்பளைய மதிக்காதவன் நாட்ட எப்டி சார் மதிப்பான்?” அந்தக் கட்சிக்காரரான மூன்றாம் மாடிக்காரரின் சட்டைகளுக்கு ஒரு கையை மட்டும் தேய்த்து அனுப்பினார். தலைவர் மன்னிப்புக் கேட்டதும் மறு கையைத் தேய்ப்பாராம்.

அடுத்த மாதமே இவர் கட்சிப் பெரும்புள்ளியின் ஆடியோ வந்தது. குரல்தான் வேறு, பேச்சு அதேதான்.

“அது அவரு பர்சனல் சார். அட்த்தவன் ஊட்டுக்குள்ள எட்டிப் பாக்குறது அசிங்கம்.”

“போன மாசம் எட்டிப் பாத்தீங்களே?”

“அது வேற, இது வேற. இது மிமிக்ரி சார்.”

துணி மடித்துக்கொண்டிருந்த அவர் மனைவி கஸ்தூரி நிமிராமலே சொன்னார்: “மிமிக்ரின்னா அப்பறம் பர்சனல் எப்டி ஆவும்? எதுனா ஒண்ணு சொல்லு.”

ஒரு நாள் காலை, எங்கள் மாடிப்படி பெருக்கும் செல்வி வண்டியருகே வந்து நின்றார். கணவர் இல்லாதவர். உதவித்தொகைக்குச் சிபாரிசு கேட்டு ஜட்ஜின் கட்சி வட்டச் செயலாளரிடம் போயிருக்கிறார். அன்று முதல் ‘தனியா வா’ என்று மெசேஜ் மேல் மெசேஜ். போனை நீட்டினார்.

“உங்க ஆளுதான்ணா. நீங்க சொன்னா கேப்பாரு.”

ஜட்ஜ் படித்தார். “அது அவரு பர்...” என்று தொடங்கினார். இஸ்திரிப் பெட்டி என் வெள்ளைச் சட்டை மேல் நின்று புகைந்துகொண்டிருந்தது.

“நா சொன்னா கேக்க மாட்டாம்மா. ஸ்டேஷன்ல சொன்னா கேப்பான்.”

கட்சிக் கரைவேட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். “அது எதுக்கு இப்போ?” என்றார் கஸ்தூரி.

“நம்ம ஆளு மேல நம்ம ஆளே சொன்னாத்தான் நம்புவாங்க.”

மூவரும் ஷேர் ஆட்டோவில் பூந்தமல்லி போய்ப் புகார் கொடுத்தார்கள். வழக்குப் பதிவானது, செயலாளரின் பதவி போனது. அதற்கு முன்பே ஜட்ஜைக் கட்சியிலிருந்து நீக்கி, வண்டியையும் சாய்த்துவிட்டுப் போனார்கள். மறுநாளே எதிர்க் கட்சிக்காரர்கள் சால்வையோடு வந்தார்கள்.

“மொதல்ல உங்க ஆளு ஆடியோவுக்கு பதில் சொல்லு நைனா. அப்பால சால்வைய பிரி.”

இரண்டு கட்சிக்கும் துரோகியானார். எங்கள் ஃபிளாட் சங்கமும் கூடி, வாசலில் வம்பு வேண்டாம், வண்டி போகட்டும் என்று முடிவெடுத்தது. அரசியல் நேர்மை பற்றி அவரிடம் மணிக்கணக்கில் பேசியவன் நான். அந்தக் கூட்டத்தில் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அவர் வண்டி ஐயப்பன்தாங்கலில். ஞாயிறுதோறும் துணி மூட்டையோடு பஸ் ஏறி அங்கே போகிறேன். ஏன் என்று மனைவி கேட்டால், அவர் மடிப்பு மாதிரி வராது என்கிறேன். உண்மையில் அவருக்கு மடிக்கவே வராது.