ஆமாம் என்றால் சீ

பயோடேட்டாவில் கடைசி வரிதான் யாசிரின் உயிரை வாங்கியது. பெண் பெயர் மஹ்விஷ், ஊர் மந்தைவெளி, படிப்பு எம்.காம். தெரிந்த மொழிகள்: தமிழ், உருது, ஆங்கிலம், ஸ்பானிஷ்.

போட்டோவைப் பார்த்த நிமிஷமே யாசிருக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. இந்தப் பெண் இல்லையென்றால் கல்யாணமே வேண்டாம் என்கிற அளவுக்குப் பிடித்துப்போயிற்று. அவன் அம்மா அமீனா பீக்குப் பிடித்தது அந்த நான்காவது மொழி. நம் பையன் மட்டும் என்ன குறைச்சல் என்று, அவன் பயோடேட்டாவிலும் ஸ்பானிஷைச் சேர்த்து அனுப்பிவிட்டாள்.

“அம்மா, எனக்கு ஸ்பானிஷ்ல ஒரு வார்த்தை தெரியாது!”

“பொண்ணு பாக்கப் போறதுக்கு இன்னும் மூணு வாரம் கீதுல்ல? கத்துக்கோ.”

ஸ்பானிஷ் கம்பெனி ஒன்றில் ஆறு மாதம் குப்பை கொட்டிய நண்பன் நதீமிடம் ஓடினான் யாசிர்.

“மச்சி, இலக்கணத்த தொடாத. வினைச்சொல்தான் மேட்டரு. முக்கியமா ஒரு அம்பது கீது, நாளைக்கு மூணு. உக்காந்து மனப்பாடம் பண்ணா ஒட்டாது. எந்த வேலை செஞ்சாலும் அத வாயால சொல்லிக்கினே செய். யாரு இன்னா கேட்டாலும் ஸ்பானிஷ்லயே பதில் சொல்லு. ‘ஆமா’ன்னா ‘சீ’. ‘எனக்குத் தெரியும்’னா ‘சே’. ‘நான் போறேன்’னா ‘போய்’.”

“போயா?”

“போய்தான்.”

பிறந்ததிலிருந்து போய், போய் என்று பேசி வளர்ந்தவனுக்கு இதைக் கேட்டதும் பாதி ஸ்பானிஷ் வந்துவிட்ட மாதிரி இருந்தது.

மறுநாள் தி.நகரில், அவன் அப்பா ஷாஹுல் ஹமீதின் ரவிக்கைத் துணிக் கடையில், ஒரு அம்மாள் தன் கல்யாணப் புடவையைப் பிரித்து மேசைமேல் விரித்தாள்.

“இதுக்கு மேட்சா ஏதாவது இருக்கா தம்பி?”

“சீ!” என்றான் யாசிர்.

அம்மாள் புடவையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டாள்.

“ஏண்டா, வர்றவங்ககிட்ட எப்டிப் பேசணும்னு தெரியுமா, தெரியாதா?” என்று கத்தினார் ஷாஹுல் ஹமீது.

“சே!”

அன்றே அவனைக் குடோனுக்கு மாற்றினார். அங்கே லைனிங் துணி மூட்டைகளைத் தவிரக் கேட்பார் யாருமில்லை என்பதால் பயிற்சி இன்னும் ஜோராக நடந்தது. தூக்குகிறேன், வைக்கிறேன், திறக்கிறேன், மூடுகிறேன். மூன்று வாரத்தில் ஐம்பதும் நாக்கில் ஏறிவிட்டன. ஏறியவை இறங்க மறுத்ததுதான் சிக்கல்.

“குருமால உப்பு சரியா கீதா?” என்று கேட்டாள் அமீனா பீ.

“சீ!”

காரணம் தெரிந்தும் அவளுக்குக் கோபம் வந்தது. தட்டையே எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நதீமிடம் இதற்கும் வைத்தியம் இருந்தது. “சொல்லும்போது சிரிச்சிக்கினே சொல்லு மச்சி. யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்கோ.”

மந்தைவெளி வீட்டில் இரண்டு குடும்பத்துக்கும் நடுவில், தரகர் அன்வரி பேகம் சமோசாவும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். மஹ்விஷ் ஷர்பத் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றாள். போட்டோ பொய் சொல்லவில்லை.

பெண்ணின் அப்பா சைஃப் தொண்டையைக் கனைத்தார். “கூச்சப்படாம சொல்லுங்க தம்பி. எங்க பொண்ண உங்களுக்குப் புடிச்சிருக்கா?”

யாசிர் தன் வாழ்க்கையில் எதையும் இவ்வளவு மனப்பூர்வமாகச் சொன்னதில்லை.

“சீ!” என்றான், வாயெல்லாம் பல்லாக.

சைஃப் எழுந்துவிட்டார். அவர் வாயைத் திறப்பதற்குள் அமீனா பீ பாய்ந்தாள்.

“அய்யய்யோ பாய், அது ஸ்பானிஷ்! ஆமான்னு அர்த்தம்! உங்க பொண்ணயே கேளுங்க, அதுக்குத்தான் தெரியுமே!”

தன் மகளுக்கு ஸ்பானிஷ் தெரியும் என்பது சைஃபுக்கே புதுச் செய்தி. ஆனால் நாள் முழுக்கப் போனும் கையுமாக இருக்கிறவள், எப்போதாவது கற்றுத் தொலைத்திருப்பாள்.

“ஏம்மா, உனக்குத் தெரியுமா?”

மஹ்விஷ் யாசிரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“சே!” என்றாள். விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள்.

ஷாஹுல் ஹமீது தலையில் கையை வைத்துக்கொண்டார். யாசிர் துள்ளி எழுந்தான்.

“மாமா! ‘சே’ன்னா ‘எனக்குத் தெரியும்’னு அர்த்தம்! தெரியும்னுதான் சொல்றாங்க! உச்சரிப்பு எவ்ளோ சுத்தம் பாத்தீங்களா?”

சைஃப் மெதுவாக உட்கார்ந்தார். பிறகு அவரே சிரித்தார். மகளிடம் பேசிவிட்டு நாளைக்குச் சொல்வதாகச் சொல்லி, எல்லோர் கையிலும் ஆளுக்கொரு அல்வாத் துண்டைக் கொடுத்தார்.

படி இறங்கும்போது யாசிருக்குக் கண் கலங்கியது. மூன்று வாரம் ஊரே பைத்தியம் என்று பார்த்தவனை, ஒருத்தி ஒற்றை வார்த்தையில் புரிந்துகொண்டாள். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த அன்வரி பேகத்திடம் கேட்டான்.

“பேகம், அவங்க ஸ்பானிஷ் எங்க கத்துக்கினாங்க?”

“அந்த வரில எடம் மீந்துச்சேன்னு நான் எழுதுனது நைனா. அந்தப் பொண்ணு சொன்னது நம்மூரு ‘சே’.”